வரவு செலவுத் திட்டத்தில் சேதன விவசாயத்துக்குத் தனி ஒதுக்கீடு: திருகோணமலைக் கமக்காரர் இப்போதே கேட்க வேண்டும்

வெருகல்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. சிறுபோக வெட்டு முடிந்த கையோடு எழுதுகிறேன். நவம்பரில் அடுத்த வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும். 2026க்கான திட்டத்தை 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசித்தார்கள். வாசிப்பதற்கு முன்னமே ஒவ்வொரு அமைச்சும் தனக்கு என்ன வேண்டும் என்று திறைசேரிக்கு எழுதிக் கொடுத்துவிடும். வாசித்த பிறகு கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் நின்று கத்துவதைவிட இப்போது ஒரு கடிதம் எழுதுவது பெறுமதி.

சேதன விவசாயம், அதாவது இரசாயனப் பசளை போடாத இயற்கை விவசாயம் செய்ய விரும்பும் கமக்காரனுக்கு, வரவு செலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தனியான ஒரு பணத்தொகை வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டும் தந்தால் பிரயோசனம் இல்லை. குறைந்தது ஐந்து வருடம் தொடர வேண்டும். இந்த இழையைத் திறந்தது இதைக் கேட்கத்தான்.

எனக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கம் மூன்று ஏக்கர். அதில் அரை ஏக்கரை மட்டும் யூரியா போடாமல் செய்து வருகிறேன். பசுந்தாள் பசளையாகச் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். வரம்போரம் சீமைக்கிளுவை வளர்த்து அந்தக் குழையையும் போடுகிறேன். முதல் போகங்களில் விளைச்சல் நன்றாக இறங்கியது. மற்ற இரண்டரை ஏக்கர் இருந்தபடியால்தான் தாக்குப்பிடித்தேன். இப்போது அந்த அரை ஏக்கரின் மண் கால் வைத்தாலே தெரியும், பொலுபொலுவென்று கிடக்கிறது. ஆனால் நெல் விற்கப் போனால் அதே விலைதான். மற்ற நெல்லோடு சேர்த்துக் கொட்டித்தான் நிறுக்கிறார்கள்.

சொந்தக் கையைக் கடித்துக்கொண்டு ஒருவன் எத்தனை வருடத்துக்குச் செய்வான்? அரை ஏக்கருக்கு மேல் போகாமல் நான் நிற்பதற்குக் காரணம் இதுதான். நம்பிக்கையில் எனக்குக் குறைவில்லை, கையில்தான் காசு இல்லை.

---

தம்பலகாமம் வயல்காரன் எழுதியது:

அண்ணை, நீங்கள் மனதில் உள்ளதை எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ‘சேதனம்’ என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் அம்மா எழும்பிப் போய்விடுவா.

2021/22 பெரும்போகம். கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் இருந்தது, மழையும் இருந்தது, விதை நெல்லும் நல்லது. அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததால் யூரியா மட்டும் இல்லை. முப்பது நாள் பயிர், பச்சை பிடித்து நிற்க வேண்டிய நேரத்தில் வெளிறி மஞ்சளாய் நின்றது. தந்த கம்போஸ்ட் மூடையைப் பிரித்துக் கொட்டினால் உள்ளே பொலித்தீன் துண்டு, போத்தல் மூடி. ஒரு மூடையில் உடைந்த கண்ணாடி இருந்து எங்கள் ஆளின் காலைக் கிழித்தது. அப்புறம் நாங்கள் காணாத புல்லெல்லாம் முளைத்தது. ஏக்கருக்கு முப்பது மூடைக்குக் குறையாமல் வெட்டும் காணி, அந்த முறை பதினைந்தைத் தாண்டவில்லை. களவாக யூரியா தேடினால் மூடை நாற்பதாயிரம் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலி அந்தப் போகத்தில் அடகுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

இப்போது நீங்கள் அரசாங்கத்திடம் போய் ‘சேதனத்துக்குக் காசு தா’ என்று கேட்டால், ‘கமக்காரனே கேட்கிறான்’ என்று சொல்லி இன்னொரு முறை கழுத்தில் கை வைக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்குப் பதில் வரும்வரை நான் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டேன்.

---

ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

தம்பி வயல்காரன், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. விவசாயப் போதனாசிரியராக நான் அந்த நேரம் சேவையில் இருக்கவில்லை. ஆனாலும் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போனால் ஆட்கள் என்னிடம்தான் கேட்டார்கள்: ‘சேர், இந்தப் பயிரை என்ன செய்ய?’ என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் பயிர் ஏன் மஞ்சளானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இந்த இழையில் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் 1 வீதம், மிஞ்சினால் 2 வீதம். அந்த 23 கிலோவைக் கூட்டெருவில் இருந்து எடுக்கப் போனால் ஒன்றரை வீதப்படி பார்த்தாலும் ஒன்றரைத் தொன் வேண்டும். அதுவும் ஒரு மூடைக்குப் பதிலாக மட்டும். ஏக்கருக்கு நீங்கள் ஒரு மூடையோடு நிற்பதில்லை. அந்த ஒன்றரைத் தொன்னைப் போட்டாலும் பயிருக்கு உடனே எல்லாம் கிடைக்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர் அதை மெல்ல மெல்லச் சிதைத்துத்தான் கொடுக்கும். முதல் போகத்தில் ஒரு பங்கு, மிச்சம் அடுத்தடுத்த போகங்களில். வருடக்கணக்காக அசேதனப் பசளை மட்டும் கண்ட மண்ணில் அந்த உயிர்களும் குறைவு.

அதனால் மாறுவதற்குக் காலம் வேண்டும். ஒரே போகத்தில் மாறச் சொன்னது மண்ணின் இயல்புக்கே எதிரான கட்டளை.

அந்தக் கட்டளை எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 2021 மே 6ஆம் திகதி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து ஒரு வர்த்தமானி. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ். அது விவசாயச் சட்டமே இல்லை. விவசாயத்துக்குப் பணம் ஒதுக்கி, பாராளுமன்றத்தில் விவாதித்து, கமக்காரரைக் கேட்டு வந்த ஒன்றும் இல்லை. அதே வருடம் நவம்பரில் கைவிட்டார்கள். ஆறு மாதம் கொஞ்சம் மேலே. அதற்குள் பெரும்போகம் போய்விட்டது. அடுத்த ஜனவரியில், இங்கே இறங்காத சீனச் சேதனப் பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம். அந்தக் காசில் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனை தழை வெட்டும் மெசின் வாங்கியிருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

இந்தியாவில் சிக்கிம் மாநிலம் 2003இல் சட்டசபையில் அறிவித்தது, 2010இல் இயக்கமாகத் தொடங்கியது, 2016இல்தான் முழுவதும் சேதனம் என்று சொன்னது. மலைநாட்டு மாநிலம், ஏற்கெனவே குறைவாக இரசாயனம் பாவித்த இடம். அதற்கே பதின்மூன்று வருடம்.

---

கிண்ணியா பட்டிக்காரர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சேர் சொன்ன ஒன்றரைத் தொன் எங்கே இருந்து வரும் என்று கேட்டால், எங்கள் பக்கம் இருக்கிறது. மாட்டெரு. அது எங்கே போகிறது தெரியுமா? லொறி லொறியாக வெளிமாவட்டத்துக்கு. மரக்கறித் தோட்டக்காரர் கூடின விலை கொடுத்து ஏற்றிப் போகிறார்கள். பக்கத்து வட்டையில் நெல் செய்கிறவருக்கு அந்த விலை கட்டாது.

எங்கள் வாப்பா காலத்தில் அறுவடை முடிந்ததும் வயலில் பட்டி அடைப்பார்கள். இன்றைக்கு இந்த வரவைக்குள், நாளைக்கு அடுத்ததுக்குள். சாணமும் மூத்திரமும் அங்கேயே விழும். ஏற்றுக்கூலி இல்லை. வயல்காரரும் மாட்டுக்காரரும் பேசி முடித்துக்கொள்வார்கள். இப்போது மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது. வெட்டு மெசின் போன உடனே அடுத்த உழவு. பட்டி அடைக்க இடைவெளி இல்லை.

அதனால் வெருகல்கரை அண்ணனிடம் ஒரு கேள்வி. காசு கேட்கிறீர்கள், சரி. எதற்கு? ‘சேதனப் பசளை மானியம்’ என்று ஒதுக்கினால், அது யாரோ ஒரு கம்பனிக்குப் போய், மூடையாகத் திரும்பி வரும். அந்த மூடைக்குள் என்ன இருக்கும் என்பதை வயல்காரன் தம்பி எழுதிவிட்டார். எரு இங்கே, வயல் இங்கே. நடுவில் மூடை எதற்கு?

---

வெருகல்கரை எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் காக்கா. நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. நான் முதலில் எழுதியதில் அதைப் பிரித்துச் சொல்லவில்லை.

மூடைக்குக் காசு வேண்டாம். அதில் நான் உங்களோடுதான். இப்போது நெல்லுக்குப் பசளை மானியம் காசாக வருகிறது, ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், இரண்டு ஹெக்டேயர்வரை. 2024இல் 15,000இல் இருந்து கூட்டினார்கள். அதை யாரும் தொடக்கூடாது. சேதனத்துக்குக் கேட்பது அதற்கு மேலதிகமாக இருக்க வேண்டும்.

என் மனதில் இருப்பது: மாறுகிற வருடங்களில் குறைகிற விளைச்சலை ஈடுகட்டக் காணியளவுப்படி ஒரு தொகை. வட்டைக்கு ஒரு தழை வெட்டும் மெசினும் எரு ஏற்ற ஒரு இழுவைப்பெட்டியும், கமக்காரர் அமைப்பின் பெயரில். அப்புறம் ஆராய்ச்சி. சணல் எங்கள் மண்ணில் எந்த மாதம் விதைத்தால் நல்லது என்பதை நான் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். அதைச் சொல்ல வேண்டியது ஆராய்ச்சி நிலையம். பிறகு சான்றிதழும் விலையும்.

தம்பி வயல்காரன், உங்கள் கேள்விக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். 2021இல் எங்களைக் கேட்காமல் செய்தார்கள். நாங்களும் அதற்கு முன்னால் எதையும் எழுத்தில் கேட்டு வைத்திருக்கவில்லை. பேசாமல் இருந்ததும் எங்களைக் காப்பாற்றவில்லை.

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

நெல்லைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள். கடற்கரைப் பக்கம் நாங்கள் சின்ன வெங்காயம், மிளகாய், கத்தரி. மானியம் என்றால் நெல்லுக்குத்தான் என்று ஆகிவிட்டது.

எங்கள் நிலம் மணல். போடுகிற யூரியா தண்ணீரோடு இறங்கிப் போகும். எங்கே? அதே தோட்டத்துக் கிணற்றுக்கு. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பசளையால் நைத்திரேற்று கூடிப்போன விடயத்தைப் பல காலமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றை யார் சோதித்தார்கள்? மண்ணில் எரு இருந்தால் தண்ணீரும் நிற்கும், பசளையும் நிற்கும். சேதனம் எங்களுக்குக் கொள்கை விளக்கம் இல்லை, குடிதண்ணீர்.

இன்னொன்று. எங்கள் வீதியில் தோட்டம் செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சண்டையில் கணவரை இழந்தவர்கள், கணவர் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்கள். காணி மாமனாரின் பெயரில், அண்ணனின் பெயரில். கமக்காரர் அமைப்பில் பெயர் இல்லை. கூட்டத்துக்குப் போனால் பின்வரிசை. குப்பை கூட்டி, குழை வெட்டி, சாணி கரைத்துக் கூட்டெரு செய்கிறது யார் என்று பாருங்கள், கை யாருடையது என்று தெரியும். காணி உறுதி இருப்பவருக்குத்தான் பணம் என்று சட்டத்தில் எழுதினால் எங்களுக்கு ஒரு சதமும் வராது. கடிதத்தில் இதையும் போடுவதென்றால் எங்கள் குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

---

கொட்டியாரத்தான், கலிபோர்னியா எழுதியது:

ஊரை விட்டு வந்து கனகாலம். இங்கே ஒரு பண்ணைச் சந்தையில் வேலை செய்வதால் இந்த விடயம் கொஞ்சம் தெரியும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விவசாயச் சட்டம் ஒன்று போடுவார்கள். சேதன விவசாய ஆராய்ச்சிக்கென்று 2002 சட்டத்தில் வருடத்துக்கு 30 இலட்சம் டொலர் எழுதினார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. 2014 சட்டத்தில் 2 கோடி. 2018 சட்டத்தில் படிப்படியாகக் கூட்டி, 2023இல் 5 கோடி டொலர் ஆக்க வேண்டும் என்று தொகையையே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். சேதனக் கமக்காரர் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். ‘என் பண்ணைக்கு வாருங்கள், மண்ணைப் பாருங்கள்’ என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அவர்களுக்கென்று இருக்கிற அமைப்புகள் எப்படிப் பேசுவது, என்ன கேட்பது என்று பயிற்சியே கொடுக்கின்றன.

சான்றிதழ் எடுக்கும் செலவில் முக்கால்வாசிவரை, உச்சம் 750 டொலர், திருப்பிக் கொடுக்கும் திட்டமும் அப்படி வந்ததுதான். ஆனால் இதையும் கேளுங்கள். 2018 சட்டம் 2023இல் முடிந்தது. புதுச் சட்டம் வராமல் நீடிப்பு மேல் நீடிப்பாகப் போனபோது, அந்தச் சான்றிதழ் உதவிக்குப் பணம் இல்லாமல் போன காலமும் வந்தது. சட்டம் முடிந்தாலும் தொடரும் நிரந்தர அடித்தளம் கிடைத்த ஆராய்ச்சிப் பணம் அவ்வளவாக ஆடவில்லை. அதனால் எவ்வளவு என்பதோடு, அது எத்தனை வருடத்துக்கு, எந்த வரியில் எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

---

தம்பலகாமம் வயல்காரன் எழுதியது:

கொட்டியாரத்தான் அண்ணை, அங்கே உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டலாம். எங்களுக்கு இந்த மாவட்டத்தில் இருப்பது நான்கு எம்பிமார். யாரிடம் போய் என்ன கேட்பது? எம்பி ஒரு சட்டமூலம் கொண்டுவந்து காசு ஒதுக்கிவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மா கடிதம் எழுதிக் குப்பைத்தொட்டிக்கு அனுப்ப எனக்கு நேரம் இல்லை.

---

சட்டம் படிக்கும் தங்கச்சி எழுதியது:

வயல்காரன் அண்ணா, தனி எம்பி ஒருவரால் அப்படிச் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரச பணத்தைச் செலவிடச் சொல்லும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே ‘எம்பி, எங்களுக்குச் சட்டம் கொண்டு வா’ என்று கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு, அது 148ஆம் உறுப்புரை. நடைமுறையில் எங்கே பிடிக்கலாம் என்றால், முதலாவது அமைச்சு. விவசாய அமைச்சு தன் மதிப்பீட்டைத் திறைசேரிக்கு அனுப்பும் கட்டம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் பொதுமக்களிடமும் நிதி அமைச்சு யோசனை கேட்பது வழக்கம், அந்த அறிவித்தலைக் கவனியுங்கள். நேரம் போதாவிட்டால் குழுநிலை விவாதம் இருக்கிறது. ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பையும் தனித்தனி நாளில் எடுப்பார்கள். விவசாய அமைச்சுக்கான நாள் எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முந்திய வாரம் நான்கு எம்பிமாருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எம்பிக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அதில் அவர் அப்படியே வாசிக்கக்கூடிய மாதிரி மூன்று, நான்கு வசனம் இருந்தால் அது பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். ஹன்சாட்டில் ஏறியதை அடுத்த வருடம் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு எம்பி ஊடாக மனுக் கொடுக்கவும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு முன்னர் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். ‘கடந்த மூன்று வருடங்களில் திருகோணமலை மாவட்டத்தில் சேதனப் பசளைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், எவ்வளவு செலவானது?’ தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். ஒதுக்கியதும் செலவானதும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்த இடைவெளி எவ்வளவு என்று கையில் காகிதமாக இருந்தால், ‘பணம் இல்லை’ என்ற பதிலுக்கு மறுமொழி கிடைத்துவிடும்.

---

ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

மகள் தெளிவாக எழுதியிருக்கிறார். ஒன்றைச் சேர்க்கிறேன். விவசாயத்தில் ஒரு பகுதி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். போதனாசிரியர்களில் பலர் மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ்தான். கிழக்கு மாகாண சபை இருப்பதும் எங்கள் திருகோணமலையில்தான். ஆனால் 2017 செப்டெம்பரில் சபை கலைந்தது, அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. சபை இருந்தால் சேதன விவசாயத்துக்கு ஒரு நியதிச்சட்டம் (மாகாணச் சட்டம்) கேட்கலாம், எங்கள் உறுப்பினரை வட்டையிலேயே மறித்துக் கேட்கலாம். இப்போது ஆளுநரும் அதிகாரிகளும்தான். கேட்பதற்கு எங்களுக்கு மிகக் கிட்ட இருந்த கதவு பூட்டிக் கிடக்கிறது. இது சின்ன விடயம் இல்லை.

இருக்கிற கதவுகளை விடக்கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி பதிவான கமக்காரர் அமைப்புக்கு ஒரு சட்ட நிலை இருக்கிறது. தனி ஆள் கடிதத்தை ஒதுக்கி வைக்கலாம், பதிவிலக்கத்தோடு முத்திரை குத்திய தீர்மானத்தை அப்படிச் செய்ய முடியாது. பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் இப்போது வரும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி எல்லாம் தீர்மானிக்கும் அந்தக் கூட்டத்தில் பிரதேச செயலாளர், நீர்ப்பாசனம், கமநலம், விவசாயம் என்று எல்லா உத்தியோகத்தரும் இருப்பார்கள். அந்த மேடையில் எழும்பி இந்தத் தீர்மானத்தை வாசியுங்கள். கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

---

கிண்ணியா பட்டிக்காரர் எழுதியது:

ஆரம்பக் கூட்டம் நல்ல யோசனை சேர். ஆனால் அங்கே எங்கள் ஆட்கள் வாய் திறப்பது தண்ணீருக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும்தான். (மாட்டுக்காரன் என்ற முறையில் அந்தப் பேச்சு முழுக்க எனக்குத்தான் விழும், பரவாயில்லை.) பெரிய அதிகாரி முன்னால் எழும்பிப் பேசக் கூச்சம். பேசினால் அடுத்த முறை மானியப் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயம். இரண்டும் இருக்கிறது.

இளம் பிள்ளைகள் யாராவது எழுதிக் கொடுத்தால், வாசிப்பதற்கு மூத்தவர் ஒருவரை நிறுத்தலாம். ஒருவர் வாசிக்க, பின்னால் இருபது பேர் எழும்பி நின்றால் பயம் போய்விடும்.

---

தம்பலகாமம் வயல்காரன் எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், சேருடைய நைதரசன் கணக்குவரை இருந்து கேட்டா.

என் நிபந்தனை இதுதான். கடிதத்தின் முதல் வசனத்திலேயே எழுத வேண்டும்: யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, எந்தப் பசளையையும் தடை செய்யக்கூடாது, இப்போது இருக்கிற மானியத்தில் கை வைக்கக்கூடாது. விரும்புகிறவனுக்கு விரும்புகிற அளவு காணியில். இதற்குக் கீழே என்ன எழுதினாலும் சரி.

இன்னொன்று. 2021இல் நாங்கள் நட்டம் பட்டோம் என்று ஒரு வரி வேண்டும். வருங்காலத்தில் பசளைக் கொள்கையை மாற்றுவதென்றால் கமக்காரர் அமைப்புகளிடம் எழுத்தில் கருத்துக் கேட்காமல் வர்த்தமானி போடக்கூடாது என்று கேளுங்கள். காசைவிட எனக்கு அது பெரிது.

---

வெருகல்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது கடிதத்தைப் பலப்படுத்துகிறது. இரண்டையும் முன்னுக்கு வைத்து எழுதிப் பார்த்தேன். எல்லோரும் திருத்துங்கள்:

‘திருகோணமலை மாவட்டக் கமக்காரர்களாகிய நாங்கள், எந்தப் பசளையையும் தடை செய்யாமலும், எவரையும் கட்டாயப்படுத்தாமலும், இப்போதுள்ள பசளை மானியத்தைக் குறைக்காமலும், சேதன முறைக்கு மாற விரும்புவோருக்கெனத் தனியான ஓர் ஒதுக்கீட்டை வரவு செலவுத் திட்டத்தில் கேட்கிறோம். 2021ஆம் ஆண்டு எங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவால் ஒரு பெரும்போகத்தை இழந்தோம். இனிமேல் பசளைக் கொள்கையில் மாற்றம் செய்வதற்கு முன்னர் பதிவுசெய்யப்பட்ட கமக்காரர் அமைப்புகளிடம் எழுத்தில் கருத்துப் பெற வேண்டும்.

இந்த ஒதுக்கீடு ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும். மாறும் காலத்தில் குறையும் விளைச்சலுக்கு ஈடு, வட்டைதோறும் கூட்டெரு செய்வதற்கான மெசினும் எரு ஏற்றும் வசதியும், எங்கள் மாவட்டத்து மண்ணிலும் எங்கள் வயல்களிலும் செய்யும் ஆராய்ச்சி, குழுவாகச் சான்றிதழ் பெறும் செலவு, சேதன நெல்லைத் தனியாக வாங்கிக் களஞ்சியப்படுத்தும் ஏற்பாடு ஆகியவற்றுக்கு அது செலவிடப்பட வேண்டும். பசளை மூடை வாங்கி விநியோகிப்பதற்கு அது பயன்படக்கூடாது. நெல்லுக்கு மட்டுமன்றி வெங்காயம், மரக்கறிச் செய்கைக்கும், காணி உறுதி தம் பெயரில் இல்லாத, செய்கை பண்ணும் பெண்களுக்கும் இது கிடைக்க வேண்டும்.’

2025 நவம்பரில் வந்த டித்வா புயல் வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வரி போட ஆசை. மாவிலாற்றுப் பக்கம் வெள்ளம் அள்ளிக்கொண்டு போன வயல்களின் மேல்மண்ணைத் திரும்ப உண்டாக்க யூரியாவால் முடியாது, சேதனப் பொருள்தான் வேண்டும். நீளம் கூடிவிடுமோ என்று விட்டிருக்கிறேன்.

---

சட்டம் படிக்கும் தங்கச்சி எழுதியது:

டித்வா வரியைப் போடுங்கள் அண்ணா. எம்பி எழும்பிப் பேசும்போது கேட்கிறவர் காதில் நிற்கப்போவது அதுதான். அதற்குப் பதிலாகச் சான்றிதழ் பகுதியைச் சுருக்கலாம்.

‘தனியான ஒதுக்கீடு’ என்ற இடத்தில் ‘விவசாய அமைச்சின் செலவுத் தலைப்பின் கீழ் தனிக் கருத்திட்டமாக’ என்று எழுதுங்கள். பொதுவாக ‘விவசாய அபிவிருத்தி’ என்று ஒரே வரிக்குள் போட்டால் அந்தப் பணம் எங்கே போனது என்று பிறகு யாராலும் தேட முடியாது.

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

பெண்கள் வரி வந்ததற்கு நன்றி. ‘செய்கை பண்ணுவதை யார் உறுதிப்படுத்துவது’ என்று கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரும் விவசாயப் போதனாசிரியரும் சேர்ந்து தோட்டத்தை வந்து பார்த்து உறுதிப்படுத்தினால் போதும் என்று சேருங்கள். கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையை ஆராய்ச்சி என்ற சொல்லோடு சேர்த்துவிடுங்கள், தனி வரி வேண்டாம்.

---

தம்பலகாமம் வயல்காரன் எழுதியது:

இந்தக் கடிதத்தில் கையெழுத்து வைப்பேன். எங்கள் அமைப்பின் செயலாளரிடமும் கதைத்தேன், கூட்டத்தில் வைக்கச் சம்மதம். நான் இப்போதும் யூரியாதான் போடுவேன், அதையும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து.

ஒரு கேள்வி. சேருவில, மொறவெவ, பதவிசிறிபுர பக்கத்துச் சிங்களக் கமக்காரரும் இதே போகத்தில் இதே நட்டம் பட்டவர்கள். பதவிசிறிபுரவில் சிறுநீரக நோயால் வீட்டுக்கு வீடு படும் பாடும் தெரியும். அவர்களுடைய அமைப்புகளின் முத்திரையும் சேர்ந்து வந்தால் நான்கு எம்பிமாரில் யாரும் ‘இது என் ஆட்களின் பிரச்சினை இல்லை’ என்று ஒதுங்க முடியாது. சிங்களத்தில் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா?

---

கிண்ணியா பட்டிக்காரர் எழுதியது:

என் மருமகன் கந்தளாயில் படிப்பிக்கிறார், சிங்களம் நன்றாக எழுதுவார். வெருகல்கரை அண்ணன் திருத்திய கடிதத்தை இங்கே போட்டதும் அவருக்கு அனுப்புகிறேன். பதவிசிறிபுரவில் எரு ஏற்றும் லொறிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், அங்கத்தைய கமக்காரர் அமைப்புத் தலைவரின் இலக்கத்தை அவரிடம் கேட்டு எடுக்கலாம். கிண்ணியா, மூதூர் அமைப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன். குச்சவெளிப் பக்கம் யார்?

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

குச்சவெளி நான். தகவல் விண்ணப்பத்தையும் நாளைக்கே கமநல சேவை நிலையத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான துண்டைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.